பைபோலாரும் குடியும் சிகரெட்டும்: குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பைபோலார் உள்ளவர்களின் குடும்பங்கள் கூடும் கூட்டங்களுக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சப்பட்டு, முடிந்தபின் கார் பக்கத்தில் வைத்து மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்பதில் பாதிக்கு மேல் குடியையும் சிகரெட்டையும் பற்றித்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே, இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தின் அளவை மாற்ற வேண்டாம். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

என் பையனுக்கு பைபோலார்னு சொல்லிட்டாங்க. குடிச்சுக் குடிச்சுத்தான் இது வந்துச்சா?

இல்லை. பைபோலார் பெரிய அளவில் பரம்பரையோடு சம்பந்தப்பட்ட நோய். சில காலம் மனம் அளவுக்கு மீறி ஏறும்: தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராகச் செலவாகும். இதை மேனியா என்கிறார்கள். இன்னொரு காலம் அப்படியே இறங்கிவிடும்: படுக்கையை விட்டு எழ முடியாது, எதிலும் ஆசை இருக்காது. பெரும்பாலும் பதின்ம வயதின் முடிவிலோ இருபதுகளிலோ முதலில் தலைகாட்டும். நம் பிள்ளைகள் குடிக்கப் பழகுவதும் அதே வயதில்தான். அதனால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் நோயைக் கிளறிவிடவும், வந்த நோயை அடிக்கடி திரும்பி வரவைக்கவும் குடியால் முடியும்.

இரண்டும் சேர்ந்தே இருப்பது அபூர்வமும் அல்ல. அமெரிக்காவில் 1990-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், பைபோலார் முதல் வகை (முழு மேனியா வரும் வகை) உள்ளவர்களில் 46 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிப் பிரச்சினை இருந்திருக்கிறது. உங்கள் வளர்ப்பில் குறை என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

குடிச்சா எனக்கு மனசு லேசாகுது, தூக்கமும் வருது. அது எப்படிக் கெடுதல் ஆகும்?

லேசாவது உண்மைதான். அதை மறுத்துப் பேசினால் குடிப்பவர் நம்மை நம்பவே மாட்டார். சாராயம் மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரம் பதற்றம் தணியும், கண் சொக்கும். அந்தத் தூக்கம் பாதி இரவோடு சரி. சாராயம் உடலை விட்டு இறங்க இறங்க மூளை எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும். முன்னிரவில் அமுங்கிப்போன கனவுத் தூக்கம் பின்னிரவில் துண்டு துண்டாகத் திரும்ப வரும். பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது சாதாரணக் களைப்போடு நிற்பதில்லை. பலருக்கும் மேனியா ஆரம்பிக்கும் வாசலே அதுதான்.

இதில் பெரிய சிக்கல், குடித்ததன் விலை உடனே தெரியாததுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பைபோலார் உள்ள 500-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒருவர் தன் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தால், அடுத்த ஆறு மாதங்களில் அவருக்கு மனச்சோர்வும் மேனியா அறிகுறிகளும் கூடின, வேலையிலும் தடுமாற்றம் வந்தது. டிசம்பர் விடுமுறையில் குடித்ததும் ஏப்ரலில் படுத்த படுக்கையானதும் தொடர்புள்ளவை என்று வீட்டில் யாருக்குத் தோன்றும்?

மனசு சரியில்லாததாலதான் குடிக்கிறான். முதல்ல மனசைச் சரி பண்ணினா குடி தானா போயிடாதா?

நாமெல்லாம் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் மேலே சொன்ன ஆய்வில் அம்பு பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் போனது: குடி கூடியபின் மனநிலை கெட்டது, மனநிலை கெட்டதால் குடி கூடியது என்பதற்கு அவ்வளவு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் மகன் விஷயம் வேறு மாதிரி இருக்கலாம். மேனியாவில் பயம் விட்டுப்போகும். அப்போது அளவில்லாமல் குடிப்பவர்களும் உண்டு. எப்படியானாலும், ஒன்று சரியாகட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை கொடுப்பதுதான் இன்றைய முறை. "குடியை விட்டபின் வா" என்று எங்காவது திருப்பி அனுப்பினால், வேறு இடத்தில் கேளுங்கள்.

எல்லாரும் குடிகாரன்னுதான் சொல்றாங்க. இது பைபோலாரா, வெறும் குடியா?

குடி மட்டுமே மனச்சோர்வு போன்ற நிலையைக் கொண்டுவரும். போதையில் பேசும் பேச்சு மேனியா போலவும் தெரியும். அதனால் டாக்டர்கள் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். குடிக்காமல் இருந்த காலத்திலும் ஏற்றமும் இறக்கமும் வந்ததா? குடியை நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரம் ஆனபின்னும் அறிகுறி நிற்கிறதா?

இங்கே குடும்பத்தார் சொல்வதுதான் பெரிய சாட்சி. எந்த மாதம் தூங்காமல் இருந்தார், எப்போது புதுக் கடன் வாங்கினார், அப்போது குடித்தாரா இல்லையா என்று ஒரு பழைய காலண்டரில் குறித்துக் கொண்டு போங்கள். தாத்தா, மாமா, அத்தை யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் எழுதுங்கள். அந்தக் காலத்தில் யாரும் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். "பேய் பிடித்தது", "கோபக்காரர்" என்று சொல்லியிருப்பார்கள்.

ஒரே ஒரு பியர்தானே? எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

பைபோலார் உள்ளவருக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று யாரும் கோடு போட்டுத் தரவில்லை. குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. மருந்தில் பல மாதம் நிலையாக இருப்பவருக்குச் சில டாக்டர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள்; அது அவரவர் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஆனால் அந்த "ஒன்று" எது என்று பாருங்கள். நம் பக்கம் ஒரு பியர் என்றால் பெரும்பாலும் 750 மில்லி குவார்ட். அது இரண்டு கேனுக்கும் மேல். கேன் என்கிற கரும்புச் சாராயத்தைக் கோக்கோடு கலக்கும்போது 25 மில்லி அளவுக் குவளையை யாரும் எடுப்பதில்லை, பாட்டிலைச் சாய்ப்பதோடு சரி.

குடிக்கிற அன்னிக்கு மாத்திரையை விட்டுட்டா மோதாதுல்ல?

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். இதைவிடக் கெடுதலான வழி இல்லை. வெள்ளி, சனி மாத்திரை போடாமல் ஞாயிறு தூக்கமும் கெட்டால், வாரத்துக்கு இரண்டு நாள் அவர் மருந்தில்லாமல் இருக்கிறார், அதற்கு மேல் தூக்கமும் இல்லை. குடிக்க நேர்ந்தால் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது மருந்துக்கு மருந்து மாறும்.

வேல்ப்ரோயேட் (இங்கே எபிலிம் என்று வருவது) கல்லீரலில் வேலை வைக்கும் மருந்து. சாராயமும் அங்கேதான் போகிறது. க்வெட்டியாபின், ஒலன்சபின் போன்றவை தூக்கத்தைக் கூட்டும். சாராயம் சேர்ந்தால் தள்ளாட்டமும் விழுந்து அடிபடுவதும் வரும். மிக ஆபத்தானது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் டயஸெபாம், லோரஸெபாம் வகை. அவற்றோடு குடி சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். அந்த மாத்திரை வீட்டில் இருந்தால் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அவர் லித்தியம் சாப்பிடுறார். கை நடுங்குது, நாக்கு குழறுது, தள்ளாடுறார். கேட்டா குடிக்கலேன்னு சத்தியம் பண்றார். நம்பலாமா?

நம்புங்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். லித்தியம் மனநிலையை நிலையாக வைக்கக் கொடுக்கும் மருந்து. அது ரத்தத்தில் அளவு மீறினால் பார்ப்பதற்கு அப்படியே குடித்தவர் போல இருக்கும்: பெரிய நடுக்கம், குழறல், தள்ளாட்டம், வாந்தி, வயிற்றுப்போக்கு, குழப்பம். ரத்தப் பரிசோதனையில் வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை (லிட்டருக்கு மில்லிமோல்) வைத்திருப்பார்கள்; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அவ்வளவுதான் இடைவெளி. குடித்திருக்கிறார், தூங்கட்டும் என்று அறையில் விட்டுவிட்டால் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படலாம்.

உடலில் நீரோ உப்போ குறைந்தால் லித்தியம் ஏறும். டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்த்து, அதோடு சாராயமும் குடித்து அடிக்கடி சிறுநீர் போனால் நீர் வற்றிவிடும். மறுநாள் தலைவலிக்கு ஐபுப்ரூஃபன் போட்டுக்கொள்வார்கள். அதுவும் லித்தியத்தை ஏற்றும். தலைவலிக்கு என்ன போடலாம் என்று கேட்டு வாங்குங்கள்.

சிகரெட்டுக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? அது ஒண்ணுதான் அவனை அமைதியா வச்சிருக்கு.

பைபோலார் உள்ளவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் புகைக்கிறார்கள். நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய் ஒரு சுகம் தரும். கொஞ்ச நேரத்தில் அது குறைந்ததும் எரிச்சல் வரும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கும். அவன் அமைதி என்று சொல்வதில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் உண்டாக்கிய எரிச்சல் தணிவதுதான். புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாக வருவதும், தற்கொலை முயற்சிகள் கூடுதலாக இருப்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சிகரெட்தான் அதற்குக் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இந்த நோயுள்ளவர்கள் பலர் சீக்கிரம் இறப்பது இதய நோயால் என்பதும், அதில் புகைக்குப் பங்கு உண்டு என்பதும் உறுதி.

சிகரெட்டை விட்டதும் மாத்திரை ஆளைத் தூக்கத்துல தள்ளுது, நாள் முழுக்க மயக்கமா இருக்கு. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை வேகப்படுத்துகின்றன. ஒலன்சபின், குளோஸபின் இரண்டையும் உடைத்து வெளியேற்றுவது அந்த நொதிதான். அதனால் புகைப்பவருக்கு அந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். டாக்டர் அதற்கேற்ப அளவைக் கூட்டியிருப்பார். சிகரெட்டை விட்டால் சில நாளிலேயே நொதி மெதுவாகிவிடும், அதே மாத்திரை ரத்தத்தில் ஏறும். குளோஸபினில் இது வலிப்பு வரைக்கும் போகலாம். காப்பியில் உள்ள கஃபீனையும் அதே நொதிதான் கரைக்கிறது. சிகரெட்டை விட்டபின் பழைய அளவுக் காப்பி குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வருவது அதனால்தான். லித்தியத்துக்கும் வேல்ப்ரோயேட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மருத்துவமனை வார்டில் புகைக்க விடமாட்டார்கள்; அங்கே இருக்கும் வாரங்களில் ஒலன்சபின் அளவை அதற்கேற்ப அமைத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த அன்றே பாக்கெட் வாங்கினால் மருந்து குறைந்துபோய் மேனியா திரும்பும். "மாத்திரை ஒழுங்காத்தான் சாப்பிட்டான், ஏன் திரும்ப வந்துச்சு" என்று குடும்பம் திகைத்து நிற்கும். 2020 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் சிகரெட் விற்பனைக்கே தடை இருந்தது நினைவிருக்கும். அப்போது திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் தடை நீங்கியதும் திரும்பத் தொடங்கியவர்களுக்கும் இதே கணக்குத்தான். விடுவதானாலும் திரும்பத் தொடங்கிவிட்டாலும் கிளினிக்கில் அந்த வாரமே சொல்லுங்கள்.

சிகரெட்டுக்குப் பதிலா வேப், ஹப்ளி, வெத்திலையில புகையிலைன்னு மாறினா?

முன் பதிலில் சொன்ன வேலையைச் செய்வது எரியும் புகை. நிக்கோட்டின் அதைச் செய்வதில்லை. ஆகவே வேப்புக்கோ வாயில் போடும் புகையிலைக்கோ மாறினால், மருந்தைப் பொறுத்தவரை சிகரெட்டை விட்டதற்குச் சமம். டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிக்கோட்டின் பட்டைக்கும் (தோலில் ஒட்டிக்கொள்வது) அப்படியே. ஹப்ளியில், அதாவது ஹூக்காவில், கரி எரிகிறது, புகையும் உண்டு. தண்ணீர் வழியாக வருவதால் சுத்தமாகிவிடுவதில்லை. வாயில் போடும் புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டாகா (கஞ்சா) இயற்கையானதுதானே? இப்ப சட்டமும் விட்டுடுச்சே?

2018 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், பெரியவர்கள் தனிமையில் பயன்படுத்துவதைக் குற்றமில்லை என்றது. 2024-இல் அதற்குச் சட்டமும் வந்தது. அது சிறைக்குப் போவது பற்றிய தீர்ப்பு. பைபோலாரில் டாகா மேனியாவையும், இல்லாத குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றையும் தூண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. இந்த நோயுள்ளவருக்கு சாராயத்தைவிட இதில்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

சிகரெட்டை விட்டா மனச்சோர்வு வந்துடும்னு பயமா இருக்கு.

முதல் வாரம் கஷ்டம்தான்: எரிச்சல், தூக்கமின்மை, மனம் தளர்வது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். அதற்கு அப்பாலும் நீடித்தாலோ, தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் சுறுசுறுப்பு ஏறினாலோ, அது சிகரெட் விட்டதன் அறிகுறி இல்லை, நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2014-இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், புகையை விட்டவர்களுக்குச் சில வாரம் கழித்து மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தே இருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படித்தான்.

துணைக்கு நிக்கோட்டின் பட்டையும் சூயிங்கமும் உண்டு. 2016-இல் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஒரு பெரிய ஆய்வில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். பட்டை, புகையை விட உதவும் வரெனிக்ளின், புப்ரோப்பியான் மாத்திரைகள் எதிலும் மனநலக் கெடுதல் குறிப்பிடும்படி கூடவில்லை. இதில் புப்ரோப்பியான் மட்டும் மனச்சோர்வு மருந்தும் கூட. சிலருக்கு மேனியாவைக் கிளப்பலாம் என்பதால் பைபோலார் உண்டு என்று சொல்லியே கேளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் மாதத்தில் தொடங்குவது என் யோசனை.

நாளையிலிருந்து குடியை அடியோட நிறுத்திடறேன்னு சொல்றார். சந்தோஷம்தானே?

எப்போதாவது குடிப்பவர் என்றால் சந்தோஷம்தான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பூச்சி ஊர்வது போலத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் வரலாம். இதை மேனியா என்று நினைத்து வீட்டில் பூட்டி வைத்தவர்கள் உண்டு. டாக்டர் மேற்பார்வையில், தையமின் (வைட்டமின் பி1) கொடுத்து, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

அவருக்குத் தெரியாம ஆன்டாபியூஸைக் குழம்புல கலந்து கொடுக்கலாமா?

வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். ஆன்டாபியூஸ் குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் மாத்திரை. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். தெரியாமல் கொடுத்தால் அவர் எச்சரிக்கையாகவே இருக்க மாட்டாரே. அதற்கு மேல், மேனியாவையும் மனப்பிறழ்வையும் கிளப்பக்கூடிய மருந்து அது. நால்ட்ரெக்ஸோன் போல வேறு மருந்துகள் இருக்கின்றன. அவர் சம்மதத்தோடு டாக்டரிடம் கேளுங்கள்.

முனீஸ்வரனுக்கு ரம் வச்சுப் படைக்கிறோம். பிரசாதத்தை வேணாம்னு சொல்லலாமா? அப்புறம், காவடி விரதம் எடுக்கலாமா?

சாமிக்குப் படைப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிரசாதம் ஒரு மூடி என்பது பெரிய அளவு இல்லை. ஆனால் குடிப் பழக்கம் இருந்தவருக்கு அந்த ஒரு மூடியோடு நிற்காது. பூஜை முடிந்ததும் கேரேஜில் நாற்காலி போட்டு, மிச்ச பாட்டிலைத் திறப்பார்கள். வீட்டுப் பெரியவர் முன்கூட்டியே, "தம்பி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும், அது போதும்" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டால் அவனுக்கு மறுக்க வேண்டிய சங்கடம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காவடி, புரட்டாசி விரதங்கள் பலருக்கு நல்லது செய்கின்றன. குடியும் சிகரெட்டும் இல்லாமல் இருக்க முடியும் என்று முதல்முறை தெரிந்துகொள்வதே அப்போதுதான். ஆனால் மாத்திரையை விரதத்தில் விடக் கூடாது. லித்தியம் சாப்பிடுபவர் தண்ணீரும் உப்பும் நிறுத்தக் கூடாது. தைப்பூசம் வருவதே வெயில் காலத்தில். ராத்திரி முழுக்க பஜனையில் விழித்திருப்பதும் வேண்டாம். பத்து நாள் சிகரெட்டை விட்டால் ஒலன்சபின் ஏறும், முடிந்தபின் புகைத்தால் இறங்கும், மேலே சொல்லியிருக்கிறேன். தினமும் குடிப்பவர் விரதத்துக்காகத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட்டேன். என் அனுபவத்தில் அதிக ஆபத்தான நாள் விரதம் முடிகிற அன்று: ஒரு மாதக் குடியை ஒரே மாலையில் ஈடுகட்டுவது.

குடிச்சா "சாகப் போறேன்"கிறான். காலையில கேட்டா ஞாபகமே இல்லேங்கிறான். போதைப் பேச்சுன்னு விட்டுடலாமா?

விடக் கூடாது. போதை தயக்கத்தை எடுத்துவிடுகிறது. யோசனைக்கும் செயலுக்கும் நடுவில் நேரமே இருக்காது. அந்த நேரம் தனியாக விடாதீர்கள். மாத்திரைகள், பூச்சி மருந்து, கயிறு, துப்பாக்கி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தெளிந்தபின் நேரடியாகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் அவசர எண் 0800 567 567. ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112.

வர மறுத்தால், 2002-ஆம் வருட மனநலச் சட்டப்படி மனைவி, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர் மருத்துவமனையில் விண்ணப்பிக்கலாம். அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 72 மணி நேரம் உள்ளே வைத்து மதிப்பிடுவார்கள். இது போலீஸ் வழக்கு இல்லை, பெயர் கெடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எட்டு மாசம் சுத்தமா இருந்தான். தம்பி கல்யாணத்துல குடிச்சிட்டான். எல்லாம் போச்சா?

எட்டு மாதம் போகவில்லை. அந்த எட்டு மாதத்தில் மூளைக்குக் கிடைத்த ஓய்வு அவனுடையதுதான். எழுப்பினால் எழாத அளவு மயக்கம், திணறும் மூச்சு இருந்தால் ஆம்புலன்ஸ். இல்லையென்றால் தண்ணீர், சாப்பாடு, படுக்கை. விட்ட மாத்திரையை இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். என்ன செய்வது என்று கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். திட்டுவதை விட்டு, யார் ஊற்றிக் கொடுத்தது, எந்த நேரத்தில் ஆசை வந்தது என்று இரண்டு நாள் கழித்து நிதானமாகக் கேளுங்கள். அடுத்த கல்யாணத்தில் எந்த மேசையில் உட்கார்வது என்று அவனே சொல்வான்.

அடுத்த மூன்று இரவும் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று எழுதி வையுங்கள். மூன்றாவது இரவும் தூங்காமல், ஆனாலும் துறுதுறுவென்று இருந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எழுதிய தாளையும் கையோடு கொண்டு போங்கள்.